கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று பிடிக்கும் வழி

“அண்ணா, சவுண்டு வரல்ல. ஒண்ணு ஃபார்மேட் அடிச்சுத் தந்துருங்க.” மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. தயவுசெய்து ஃபார்மேட் அடிக்கக் கொடுக்காதீர்கள். சத்தம் வராத வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றில் விண்டோஸுக்கு ஒரு கேடும் இருக்காது. ஃபார்மேட் அடித்தால் கல்யாண ஃபோட்டோவும் பிள்ளைகளின் ப்ராஜெக்டும் டேலி கணக்கும் போகும். பச்சைக் களிம்பு பிடித்த சாக்கெட் அப்படியே இருக்கும்.

யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டால் அந்தச் சத்தம் முதலில் ப்ரௌசரிலிருந்து விண்டோஸுக்கு வரும். அங்கிருந்து டிரைவர் என்ற இணைப்பு மென்பொருள் வழியாக, மதர்போர்டில் இருக்கிற கோடெக் என்ற சின்ன சிப்புக்குப் போகும். பிறகு பின்பக்கத்துப் பச்சை சாக்கெட், வயர், ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கிற ஆம்ப்ளிஃபயர், கடைசியாக, அதிர்ந்து சத்தம் எழுப்புகிற கோன். பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்துவிட்டும் கடைவரம்பு வயலுக்கு வந்து சேரவில்லை என்றால் மடை மடையாகப் போய், எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்போம் அல்லவா, இங்கேயும் வேலை அதுதான். நடுவில் ஓரிடத்தில் நின்று பார்த்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

அந்த நடு இடம் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பாட்டை ஓடவிட்டுக்கொண்டு, விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற சின்னப் பெட்டியில் எம் எம் எஸ் ஒய் எஸ், ஒரு புள்ளி, சி பி எல் என்று இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். எழுத்துகள் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தாக இருந்தால் போதும். பழைய சவுண்ட் ஜன்னல் திறக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது உண்டு. ப்ளேபேக் என்ற முதல் பக்கத்தில் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த சத்தக் கருவிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் வலது ஓரத்திலும் நெட்டுக்கு நிற்கிற ஒரு மீட்டர். சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறதோ, அதன் மீட்டர் பாட்டோடு சேர்ந்து பச்சையாக ஏறி இறங்கும். இனிச் செய்ய வேண்டியதை அந்த மீட்டர் சொல்லும். எந்த மீட்டரும் அசையவில்லை என்றால் கோளாறு மேலே, சாஃப்ட்வேரில். வேறொரு கருவியின் மீட்டர் அசைந்தால் சத்தம் வழி மாறிப் போகிறது. சரியான கருவியின் மீட்டர் அசைந்தும் காதில் ஒன்றும் விழவில்லை என்றால் பார்க்க வேண்டியது பெரும்பாலும் சாக்கெட், வயர், ஸ்பீக்கர்.

வழி மாறிப் போவதுதான் ரொம்பச் சாதாரணமாக நடப்பது. புது மானிட்டர் வாங்கி ஹெச்டிஎம்ஐ வயரில் மாட்டிய அன்றைக்கே சத்தம் போய்விட்டது என்பார்கள். ஹெச்டிஎம்ஐ வயர் படத்தோடு சத்தத்தையும் கொண்டுபோகும். மானிட்டரை விண்டோஸ் ஒரு ஸ்பீக்கராகவே நினைத்து எல்லாச் சத்தத்தையும் அங்கே திருப்பிவிடும். ஆனால் விலை குறைந்த மானிட்டர்கள் பலவற்றில் ஸ்பீக்கரே கிடையாது. பட்டியலில் மானிட்டர் கம்பெனியின் பெயரோ, என்விடியா, இன்டெல், ஏஎம்டி என்ற பெயரோ உள்ள கருவியின் மீட்டர் துள்ளிக்கொண்டிருந்தால் விஷயம் இதுதான். ரியல்டெக் என்று போட்டிருக்கிற ஸ்பீக்கர்ஸ் மீது ஒரு கிளிக் செய்து, கீழே இருக்கிற செட் டீஃபால்ட் பட்டனை அழுத்தினால் முடிந்தது. மானிட்டரின் பின்பக்கம் ஹெட்ஃபோன் சாக்கெட் இருந்தால் ஸ்பீக்கர் வயரை அங்கேயே மாட்டியும் கேட்கலாம். அப்படிச் செய்தால் மானிட்டர் மெனுவில் உள்ள வால்யூமையும் ஏற்றி வைக்க வேண்டும். அது 0-வில் இருந்தால் கம்ப்யூட்டரில் என்ன செய்தும் பயனில்லை.

இதில் ஒரு பொறி உண்டு. பழைய விஜிஏ மானிட்டரை வைத்துக்கொண்டு, ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றுகிற சின்ன அடாப்டர் போட்டிருப்பார்கள். விஜிஏ வயரில் சத்தம் போகாது. ஆனால் சில அடாப்டர்கள் தங்களுக்குச் சத்தமும் தெரியும் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடும். அடாப்டரின் பக்கவாட்டில் 3.5 மி.மீ. ஹெட்ஃபோன் சாக்கெட் இருந்தால் சத்தம் அதன் வழியாக வெளியே வரும். அங்கே யாரும் வயர் மாட்டியிருக்க மாட்டார்கள். விஜிஏ மானிட்டர்தானே, அதற்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ப்ளூடூத் ஹெட்செட் வைத்திருக்கிற வீடுகளிலும் இதே கதை. நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் மொழி வகுப்பை ஆன்லைனில் படிக்கிறவர்கள், கல்ஃபில் இருக்கிறவர்களோடு வீடியோ காலில் பேசுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். ஹெட்செட்டை அலமாரியில் வைத்துவிட்டாலும், அதன் பவர் அணையும்வரை சத்தம் அங்கேதான் போகும். விண்டோஸ் 10-ல் ஒரே ஹெட்செட் இரண்டு பெயரில் தெரியும்: ஒன்று ஸ்டீரியோ, மற்றது ஹேண்ட்ஸ்ஃப்ரீ. பாட்டும் படமும் கேட்க ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். மைக்கும் சேர்ந்து ஓடும்போது அது ஹேண்ட்ஸ்ஃப்ரீக்கு மாறும். சத்தம் பழைய போன் போலத் தட்டையாகும். அது ப்ளூடூத்தின் குணம், ஹெட்செட்டில் பழுது கிடையாது. வகுப்புக்கு வயர் ஹெட்செட்டே நல்லது.

எந்த மீட்டரும் அசையவில்லை என்றால், முதலில் ப்ரௌசர் டேப்பின் மேல் கோடு போட்ட ஸ்பீக்கர் படம் இருக்கிறதா பாருங்கள். அந்த டேப்பை ம்யூட் செய்திருக்கிறது என்று பொருள். அடுத்து கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து வால்யூம் மிக்ஸரைத் திறங்கள். அங்கே ஒவ்வொரு ஆப்புக்கும் தனி வால்யூம் இருக்கும். யூடியூப் கேட்கிறது, ஜூம் கேட்கவில்லை என்கிற தகராறு முக்கால்வாசி இங்கேயே தீரும். மீதி, ஜூமுக்குள்ளேயே வேறு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பதால் வருவது. காலில் பேசும்போது மட்டும் மற்ற சத்தமெல்லாம் திடீரென்று அமுங்கினால், மேலே சொன்ன பழைய ஜன்னலில் கம்யூனிகேஷன்ஸ் என்ற கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கால் வந்தால் மற்றச் சத்தத்தை 80 சதவீதம் குறைக்கும்படி விண்டோஸ் முன்கூட்டியே வைத்திருக்கும். டூ நத்திங் என்று மாற்றிவிடுங்கள்.

எந்த ஆப்பிலும் சத்தம் இல்லை, ஸ்பீக்கர் படத்தில் சிவப்புப் பெருக்கல் குறி நிற்கிறது என்றால் ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர், விண்டோஸ் ஆடியோ என்ற இரண்டையும் பாருங்கள். இரண்டும் ரன்னிங் என்றும் ஆட்டோமேட்டிக் என்றும் இருக்க வேண்டும். முதலாவதில் ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால், இரண்டாவதையும் சேர்த்து ரீஸ்டார்ட் செய்யட்டுமா என்று கேட்கும், யெஸ் கொடுங்கள். இரண்டாவது முதலாவதை நம்பி ஓடுவது, அதனால்தான் இந்த வரிசை.

இந்த இடத்தில் ஷட்டவுன் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “எத்தனையோ தடவை அணைச்சு போட்டுப் பாத்தாச்சு” என்பார்கள். விண்டோஸ் 10, 11-ல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உட்பகுதியும் டிரைவர்களும் அந்த நிலையிலேயே டிஸ்கில் பதிந்து, மறுநாள் அங்கிருந்தே தொடரும். சிக்கிக்கொண்ட ஆடியோ டிரைவர் சிக்கியபடியே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கரண்ட் குதித்ததற்குப் பிறகு சத்தம் போயிருந்தால் இன்னும் ஒரு படி போங்கள்: ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்து, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 20, 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் தேங்கி நின்ற கரண்ட் வடிந்து கோடெக் சிப்பும் புதிதாக எழும்.

சரியான மீட்டர் அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு ஸ்பீக்கர் பக்கம் வாருங்கள். ஸ்பீக்கரை ஆன் செய்து வால்யூமைப் பாதியில் வையுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து வயரைக் கழற்றி, பின்னின் நுனியை விரலால் தொடுங்கள். ஸ்பீக்கரிலிருந்து ம்ம்ம் என்று இரைச்சல் வந்தால் ஆம்ப்ளிஃபயரும் கோனும் உயிரோடு இருக்கின்றன. நுனியிலிருந்து போகிற ஒரு கம்பியாவது நன்றாக இருக்கிறது. அடுத்துப் பின்னின் நடு வளையத்தையும் தொட்டு, மற்றப் பக்கத்து ஸ்பீக்கரும் இரைகிறதா கேளுங்கள். காலில் செருப்புப் போட்டு, காய்ந்த தரையில் நின்று செய்யுங்கள். ஸ்பீக்கரின் உலோகப் பாகத்தைத் தொட்டால் சுரீரென்று அடிக்கும் என்றால் இந்தச் சோதனை வேண்டாம்; ஹெட்ஃபோன் சாக்கெட் உள்ள ஒரு பட்டன் போனில் மாட்டி எஃப்எம் வைத்துப் பாருங்கள். அதிலும் சத்தம் வராவிட்டால் கோளாறு ஸ்பீக்கரிலோ வயரிலோ.

வயர் பெரும்பாலும் பின்னின் கழுத்தில்தான் ஒடியும். வெளித்தோல் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு விட்டிருக்கும். பாட்டை ஓடவிட்டுக் கழுத்தை நாலு பக்கமும் மெதுவாக வளைத்தால் சத்தம் வந்து வந்து போகும். புது வயர் மலிவுதான்; ஆனால் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே நிரந்தரமாகப் பற்றவைத்த வயர் என்றால் பின்னை மட்டும் மாற்றலாம். ஒடிந்த இடத்துக்கு 3 செ.மீ. மேலே வெட்டிவிடுங்கள். நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி பொதுக் கிரவுண்ட். கம்பி நிறத்தை நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மல்டிமீட்டரைக் கன்டினியுட்டியில் வைத்து மறுமுனையோடு ஒத்துப்பாருங்கள். மெல்லிய வயர்களில் ஒவ்வொரு இழையிலும் வார்னிஷ் பூச்சு இருக்கும். அது போகாமல் ஈயம் ஒட்டாது. ஒட்டியதுபோல் தெரிந்தாலும் சத்தம் போகாது. சூடான சால்டரிங் அயர்ன் முனையில் ஈயம் உருக்கி, அதில் இழை நுனியை இரண்டு மூன்று விநாடி வைத்தால் பூச்சு பொரிந்து போய்ச் செம்பு வெள்ளி நிறமாகும். அதன் பிறகே பின்னில் வையுங்கள்.

இனிச் சாக்கெட். நம் குமரி மாவட்டத்தில் இதற்குத் தனி இடம் கொடுத்தே ஆக வேண்டும். குளச்சல், முட்டம், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் என்று கடலோரமாக இருக்கிற வீடுகளில் உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்பதைக் கண்ணால் பார்க்கிறோம். 3.5 மி.மீ. துளைக்குள் அதே காற்று செய்வது கண்ணுக்குத் தெரியாது. சாக்கெட்டுக்குள் பின்னை அழுத்திப் பிடிக்கிற மெல்லிய தகடுகள் செம்புக் கலவையால் ஆனவை. மேலே நிக்கல் பூச்சு. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பில் பச்சைக் களிம்பு கட்டும். முதலில் கரகர என்று சத்தம், பிறகு ஒரு பக்கம் மட்டும் கேட்கும், கடைசியில் இரண்டு பக்கமும் போகும். ஆனியிலிருந்து ஆவணி வரையும், ஐப்பசி கார்த்திகையிலும் என்று வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் நமக்கு; காய நேரமே கிடையாது.

சாக்கெட்டில் பின் நுழைந்ததைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு குட்டி ஸ்விட்சும் உள்ளே உண்டு. களிம்பு அதில் பிடித்தால் வயரை மாட்டியும் பட்டியலில் நாட் ப்ளக்ட் இன் என்றே நிற்கும். கருவியே காணாமல் போனதாகவும் தோன்றும். அந்தப் பட்டியலில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து ஷோ டிஸ்கனெக்டட், ஷோ டிஸேபிள்ட் இரண்டையும் டிக் செய்தால் மறைந்திருப்பவை வெளியே வரும். சாம்பல் நிறக் கீழ்நோக்கு அம்புக்குறி இருந்தால் யாரோ டிஸேபிள் செய்திருக்கிறார்கள். சிவப்பு அம்புக்குறி இருந்தால் பின் நுழைந்ததே தெரியவில்லை.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். மொபைல் சர்வீஸ் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கிற கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே இன்னும் நல்லது. கை கழுவுகிற சானிடைசரைப் பயன்படுத்தக் கூடாது, அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் இரண்டும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்து அடுத்த மாதமே சேறாக்கிவிடும். கம்ப்யூட்டரை அணைத்து ப்ளக்கைப் பிடுங்குங்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற மெல்லிய பிரஷை ஆல்கஹாலில் தோய்த்து, உதறி, துளைக்குள் விட்டுச் சுழற்றுங்கள். அது இல்லாவிட்டால் பழைய பின் ஒன்றை நனைத்து 10, 15 தடவை உள்ளே விட்டுத் திருகி எடுங்கள். பின்னே உரசி உரசிக் களிம்பை எடுத்துவிடும். ஒவ்வொரு தடவையும் பின்னை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். பச்சையும் கறுப்புமாகக் கோடு விழுவது நிற்கும்வரை தொடருங்கள். பிறகு 20 நிமிஷம் காய விட்டு மாட்டுங்கள். வயரின் பின்னுக்குப் பென்சில் அழிக்கிற ரப்பர் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பூச்சு போய், முன்னைவிடச் சீக்கிரம் களிம்பு பிடிக்கும்.

கடலோர வீட்டில் சிபியூவைக் கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். பயன்படுத்தாத சாக்கெட்டுகளுக்கு ரப்பர் மூடி கிடைக்கிறது, போட்டுவிடுங்கள், எறும்பும் நுழையாது. பள்ளிக்கூட லீவில் மாதக்கணக்கில் அணைத்து வைப்பதைவிட அவ்வப்போது அரை மணி நேரம் ஓட விடுவது நல்லது, உள்ளே இருக்கிற சூட்டில் ஈரம் போகும். மணவாளக்குறிச்சி பக்கம் இன்னொன்று: அங்குள்ள கருமணலில் இல்மனைட் இருக்கிறது, அது காந்தத்துக்கு இழுபடும். கோன் ஓரம் கிழிந்த ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் காலோடு வருகிற மணல் உள்ளே போய்க் காந்த இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் பரபர என்று உரசல் கேட்கும். ஆல்கஹாலால் அது போகாது. கோனைத்தான் மாற்ற வேண்டும். ஸ்பீக்கரை மேசை மேல் வையுங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் பாடுகிறவர் குரல் மட்டும் இல்லை என்று சிலர் சொல்வார்கள். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், உண்மைதான். இதற்கு இரண்டு காரணம். ஹெட்ஃபோனில் இப்படி வந்தால் பொதுக் கிரவுண்ட் கம்பி விட்டிருக்கிறது. அப்போது இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாகவே பதிந்திருப்பார்கள், அதனால் குரல் அடிபட்டுப் போய் வாத்தியம் மட்டும் நிற்கும். மைக் உள்ள மொபைல் இயர்ஃபோனின் நாலு பட்டை பின்னை டெஸ்க்டாப்பின் மூன்று பட்டை சாக்கெட்டில் மாட்டினாலும் சில சாக்கெட்டுகளில் இதே கூத்து நடக்கும். பின்னை ஒரு மி.மீ. வெளியே இழுத்தால் குரல் திரும்பி வரும். மைக், ஹெட்ஃபோன் இரண்டையும் தனித்தனிப் பின்னாகப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் வாங்கி மாட்டுவதே சரியான தீர்வு.

ஸ்பீக்கரில் சினிமா பார்க்கும்போது பின்னணி இசை அதிர, வசனம் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தால் காரணம் வேறு. விண்டோஸில் 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) என்று வைத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கரை மட்டும் மாட்டியிருப்பீர்கள். 5.1 படத்தில் வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்களிடம் நடு ஸ்பீக்கர் இல்லை. பழைய சவுண்ட் ஜன்னலில் ஸ்பீக்கர்ஸைத் தேர்ந்து, கன்ஃபிகர் அழுத்தி, ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். பின்பக்கச் சாக்கெட் நிறங்களையும் இங்கே தெரிந்துகொள்ளலாம்: பச்சை முன் ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தத்தை உள்ளே கொண்டுவர. ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும், கறுப்பு பின் ஸ்பீக்கருக்கு. பச்சைச் சாக்கெட் உடைந்து போனால் உடனே மதர்போர்டைக் கழற்ற வேண்டாம். ரியல்டெக் ஆடியோ கன்சோல் இருக்கிற பல கம்ப்யூட்டர்களில் நீலச் சாக்கெட்டையே முன் ஸ்பீக்கர் சாக்கெட்டாக மாற்றிக்கொள்ள முடியும். வயரை நீலத்தில் மாட்டும்போதே என்ன மாட்டினீர்கள் என்று கேட்கும்.

முன்பக்கச் சாக்கெட் வேலை செய்யாமல் பின்பக்கம் வேலை செய்தால், கேபினட்டிலிருந்து மதர்போர்டுக்குப் போகிற சின்ன வயர் கழன்றிருக்கலாம். மதர்போர்டின் கீழ் மூலையில் பெரும்பாலும் இடது பக்கம் 9 ஊசிகள் கொண்ட ஒரு இணைப்பு இருக்கும். கம்பெனியைப் பொறுத்து ஹெச்டி ஆடியோ, எஃப் ஆடியோ, ஏஏஎஃப்பி, ஜேஏயுடி என்று ஏதாவது ஒரு பெயர் பக்கத்தில் அச்சடித்திருக்கும். ஒரு ஊசி இல்லாத இடமும், வயரின் தலையில் அடைத்த துளையும் நேராக வர வேண்டும். பழைய கேபினட்டில் ஒரே வயரில் இரண்டு தலை இருக்கும்: ஒன்றில் ஏசி97, மற்றதில் ஹெச்டி ஆடியோ. ஏசி97 1997-ல் வந்த ஏற்பாடு, ஹெச்டி ஆடியோ 2004-ல் வந்தது. ஹெச்டி ஆடியோ தலையை மாட்டுங்கள். ஏசி97 தலையில் பின் நுழைந்ததைச் சொல்கிற வழி கிடையாது. தலைகீழான கோளாறும் உண்டு. முன்பக்கச் சாக்கெட்டின் ஸ்விட்ச் துருவேறி ஒட்டிக்கொண்டால், ஹெட்ஃபோன் மாட்டியிருப்பதாக நினைத்துப் பின்பக்க ஸ்பீக்கரை ரியல்டெக் அடக்கிவிடும். கன்சோலில் டிஸேபிள் ஃப்ரன்ட் பேனல் ஜாக் டிடெக்ஷன் என்பதைப் போட்டுப் பாருங்கள்.

டிரைவரைத் தொடுவது இவ்வளவுக்கும் பிறகுதான். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ் என்ற வரியை விரியுங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை இரட்டைக் கிளிக் செய்து கோட் எண்ணைப் பாருங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் டிரைவர் இருந்தும் கருவி எழவில்லை. விண்டோஸ் அப்டேட்டுக்கு மறுநாளே சத்தம் போயிருந்தால் டிரைவர் என்ற பக்கத்தில் உள்ள ரோல் பேக் பட்டனை முயற்சி செய்யுங்கள்; பழைய டிரைவர் டிஸ்கில் இருந்தால் மட்டுமே அது அழுத்தக் கிடைக்கும். இல்லாவிட்டால் அப்டேட் டிரைவர், ப்ரௌஸ் மை கம்ப்யூட்டர், லெட் மீ பிக் என்று போய், ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ் என்ற மைக்ரோசாஃப்டின் பொது டிரைவரைத் தேர்ந்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரியல்டெக்கின் அலங்காரங்கள் போகும், சத்தம் வரும். வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம். பிறகு வேண்டுமானால் மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கலாம். டிரைவர் அப்டேட்டர் என்று விளம்பரத்தில் வருகிற இலவச மென்பொருள்களைக் கிட்டவே சேர்க்காதீர்கள். சத்தப் பிரச்சினையோடு வந்தவர் வைரஸ் பிரச்சினையோடு திரும்புவார். டிவைஸ் மேனேஜரின் அந்த வரியில் ரியல்டெக்கே காணவில்லை என்றால் பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கிற மதர்போர்டு அமைப்புப் பக்கத்தில்) ஆன்போர்டு ஆடியோ அல்லது ஹெச்டி ஆடியோ கன்ட்ரோலர் டிஸேபிள் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கும், வேறு லினக்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கும்: டெர்மினலில் அல்சாமிக்ஸர் ஓட்டினால் ஒவ்வொரு வால்யூம் தூணின் அடியிலும் இரண்டு எழுத்து இருக்கும். எம் எம் என்றிருந்தால் அது ம்யூட். அந்தத் தூணுக்கு நகர்ந்து எம் கீயைத் தட்டினால் திறக்கும். எஃப்6 அழுத்தினால் வேறு சவுண்ட் கார்டுக்கு மாறலாம்.

வடமேற்கே குலசேகரம், திற்பரப்பு, அருமனை, பேச்சிப்பாறை பக்கம் உப்புக் காற்றுக்குப் பதில் இடி. கம்ப்யூட்டர் ப்ளக்கைப் பிடுங்கி வைத்திருப்பார்கள், ஆனால் ஸ்பீக்கர் வயர் ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயருக்கும், அங்கிருந்து கேபிள் டிவி செட்டாப் பாக்ஸுக்கும் போயிருக்கும். மின்னல் கரண்ட் கேபிள் வயரில் ஏறி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் என்று வந்து பச்சைச் சாக்கெட் வழியாகக் கோடெக்கை அடித்துவிடும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும், மீட்டரும் அசையும், முன்னாலும் பின்னாலும் சத்தம் மட்டும் வராது. மழை இருட்டிக்கொண்டு வரும்போது ப்ளக்கோடு சேர்த்து 3.5 மி.மீ. பின்னையும் லேன் வயரையும் கழற்றுங்கள். ஃபைபர் இணைப்புதானே என்று லேன் வயரை விட்டுவிட வேண்டாம். கண்ணாடி இழையில் கரண்ட் வராது, ஆனால் மோடத்தின் அடாப்டர் கரண்ட் லைனில்தான் இருக்கிறது.

ம்ம்ம் என்ற இரைச்சல் பாட்டோடு சேர்ந்து வந்துகொண்டே இருந்தால் கேபிள் டிவி வயரை ஒரு நிமிஷம் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் இரண்டு எர்த்துக்கு நடுவில் கரண்ட் சுற்றுகிறது. கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். போகவில்லை என்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னப் பெட்டியை வயருக்கு நடுவில் போடுங்கள். இரைச்சல் போகிறது என்பதற்காக ப்ளக்கின் எர்த் பின்னை ஒடிக்கக் கூடவே கூடாது, அது உயிர்ப் பிரச்சினை. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். கம்ப்யூட்டரில் தேடிப் பயனில்லை.

கோடெக் போய்விட்டதா என்று உறுதி செய்ய ஒரு ப்ளூடூத் ஹெட்செட்டை இணைத்துப் பாருங்கள். அதில் சத்தம் நன்றாக வந்து, சாக்கெட்டைச் சுத்தம் செய்த பிறகும் அங்கே வராவிட்டால் போனது மதர்போர்டின் சத்தப் பகுதி மட்டும். அதற்காக மதர்போர்டு மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கிறது. பென் டிரைவ் அளவில் இருக்கும், ஒரு முனையில் ஹெட்ஃபோனுக்கும் மைக்குக்கும் சாக்கெட். டிரைவர் எதுவும் போட வேண்டியதில்லை, விண்டோஸும் லினக்ஸும் தாமாகவே அடையாளம் கண்டுகொள்ளும். சிபியூவின் பின்பக்க யூஎஸ்பியில் மாட்டுங்கள். ஒரு சாண் நீளமுள்ள யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டால் ஸ்பீக்கர் வயர் இழுபடும்போது கார்டு ஒடியாது. சவுண்ட் ஜன்னலில் அதை டீஃபால்ட் ஆக்கிவிட்டு, செத்துப்போன ரியல்டெக்கை டிஸேபிள் செய்துவிடுங்கள். அப்போது அடுத்த அப்டேட் வந்தாலும் சத்தம் பழைய சாக்கெட்டுக்குத் திரும்பிப் போகாது.